நாடாளுமன்றத்துக்கு லீவு எப்போ? 1955-லேயே தேதி குறித்த முதல் சபாநாயகர்... யார் இந்த மாவலங்கர்?

மழைக்காலக் கூட்டத்தொடர் எப்போ தொடங்கும்? குளிர்காலக் கூட்டத்தொடர் இந்த வருஷம் எத்தனை நாள்? ஒவ்வொரு வருஷமும் இந்தக் கேள்வி செய்தியாகுது. மத்திய அமைச்சர் ஒருவர் தேதியை அறிவிப்பார். அதுக்கு அப்புறம்தான் எம்.பி.க்களுக்கே தெரியும், எப்போ டெல்லிக்கு டிக்கெட் போடணும்னு.

ஸ்கூலுக்கு லீவு எப்போன்னு ஜூன் மாசமே காலண்டர் கொடுத்துடறாங்க. கோர்ட்டுக்கு கோடை விடுமுறை எப்போன்னு வருஷத் தொடக்கத்துலயே தெரியும். நாட்டுக்கே சட்டம் போடுற நாடாளுமன்றத்துக்கு மட்டும் ஏன் ஒரு நிலையான காலண்டர் இல்ல?

இந்தக் கேள்வி புதுசு இல்ல. 1955-லேயே இதுக்கு ஒரு பதில் தயாராச்சு. எந்தத் தேதியில் கூடணும், எந்தத் தேதியில் கலையணும், தீபாவளிக்கு எத்தனை நாள் கழிச்சு மறுபடி வரணும் என்பது வரை அதில் இருந்தது. அந்தப் பதில் உருவானபோது மக்களவையின் நாற்காலியில் இருந்தவர் கணேஷ் வாசுதேவ் மாவலங்கர். சுதந்திர இந்தியாவின் முதல் மக்களவை சபாநாயகர்.

யார் இவர்? அந்த காலண்டர் என்ன ஆச்சு? விரிவாகப் பார்க்கலாம்.

பரோடாவில் பிறந்தவர், அகமதாபாத்தில் வளர்ந்தவர்

1888 நவம்பர் 27-ம் தேதி பரோடாவில் பிறந்தார் மாவலங்கர். தாய்மொழி மராத்தி. குடும்பத்தின் பூர்வீகம் ரத்னகிரி மாவட்டத்தில் உள்ள மாவலங்கே என்ற ஊர். அந்த ஊர்ப் பெயர்தான் அவருடைய குடும்பப் பெயரானது.

1902-ல் படிப்புக்காக அகமதாபாத் வந்தார். அதுக்கு அப்புறம் அதுதான் அவர் ஊர். குஜராத் கல்லூரியில் 1908-ல் அறிவியலில் பி.ஏ. பட்டம். பிறகு பம்பாய் அரசு சட்டப் பள்ளியில் சேர்ந்து, 1912-ல் முதல் வகுப்பில் தேறினார். அடுத்த வருஷமே அகமதாபாத்தில் வக்கீல் தொழில் தொடங்கியாச்சு.

தொழில் நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு பேர் அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டார்கள். ஒருவர், தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி அகமதாபாத்தில் ஆசிரமம் அமைத்த காந்தி. இன்னொருவர், அதே ஊரில் வக்கீலாக இருந்த வல்லபபாய் படேல். 1916-ல் குஜராத் சபாவின் செயலாளர் ஆனார் மாவலங்கர். 1919-ல் அகமதாபாத் நகராட்சி உறுப்பினர். ஒத்துழையாமை இயக்கத்தின்போது குஜராத் மாகாண காங்கிரஸ் கமிட்டியின் செயலாளர். 1930-களில் இரண்டு முறை நகராட்சித் தலைவர்.

இதற்கு நடுவே பலமுறை சிறை. மொத்தமாகக் கணக்குப் போட்டால் சுமார் ஆறு வருஷம். சிறையில் கொலை, கொள்ளை வழக்குகளில் தண்டனை பெற்றவர்களோடு உட்கார்ந்து அவர்கள் கதையைக் கேட்டார். அதை வைத்து குஜராத்தியில் ஒரு புத்தகமும் எழுதினார். எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் முழுசாகக் கேட்கும் பழக்கம், பின்னாடி சபாநாயகர் நாற்காலியில் ரொம்பவே கைகொடுத்திருக்கும்.

கூடாத சபைக்கு ஒரு சபாநாயகர்

1937. மாகாணங்களில் தேர்தல் நடந்து பம்பாய் மாகாணத்தில் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. புதிய பம்பாய் சட்டமன்றம் அந்த வருஷம் ஜூலையில் புனே கவுன்சில் ஹாலில் கூடியது. சபாநாயகராகத் தேர்வானவர் மாவலங்கர்.

பம்பாய் மாகாணத் தலைநகர் பம்பாய்தானே, ஏன் புனேயில் கூடினார்கள்? மழை! ஜூலை மாசத்து பம்பாய் மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மழைக்காலத்தில் மாகாண நிர்வாகமே புனேவுக்கு மாறுவது பிரிட்டிஷ் கால வழக்கம்.

டெல்லியிலும் இதே கதைதான். குளிர்காலத்தில் டெல்லி, வெயில் வந்தால் சிம்லா. மத்திய சட்டசபைக்காக சிம்லாவில் 1925-ல் தனியாக ஒரு மண்டபமே கட்டினார்கள். இன்று இமாச்சலப் பிரதேச சட்டமன்றம் கூடுவது அதே கட்டடத்தில்தான். ஆக, சட்டமன்றம் எப்போ கூடணும், எங்கே கூடணும் என்பதை ஆட்சியாளர்களின் வசதி தீர்மானித்த காலம் அது.

வசதி மட்டுமில்ல, அதிகாரமும்தான். 1935-ம் வருஷத்து இந்திய அரசுச் சட்டப்படி, மாகாண சட்டமன்றத்தை வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டினால் போதும். இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே 12 மாசம் ஆகிவிடக் கூடாது. அவ்வளவுதான் கட்டுப்பாடு.

அந்தக் கட்டுப்பாடும் சீக்கிரமே காணாமல் போச்சு. 1939-ல் இரண்டாம் உலகப் போர் வெடித்தது. இந்தியத் தலைவர்களைக் கேட்காமலேயே இந்தியாவையும் போரில் இறக்கியது பிரிட்டிஷ் அரசு. எதிர்ப்புத் தெரிவித்து காங்கிரஸ் மாகாண அமைச்சரவைகள் ராஜினாமா செய்தன. பம்பாயில் கவர்னர் ஆட்சி வந்தது. சட்டமன்றத்தைக் கலைக்கவில்லை, ஆனா கூட்டவும் இல்லை.

ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்க. மாவலங்கர் சட்டப்படி சபாநாயகர். ஆனா அவர் தலைமை தாங்க சபை இல்லை. வருஷக்கணக்கில் இதே நிலைமை. இதில் ஒரு பகுதியை அவர் சிறையில் கழித்தார். கவர்னரின் கையெழுத்தில் சட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. கேள்வி கேட்க வேண்டிய இடம் பூட்டிக் கிடந்தது.

ஒரு சபையை முடக்க அதைக் கலைக்கவே வேண்டாம், லீவை நீட்டிக்கொண்டே போனால் போதும் என்பதை மாவலங்கர் தன் சொந்த அனுபவத்திலேயே பார்த்தவர்.

மூன்று ஓட்டில் வெற்றி

போர் முடிந்தது. 1946 ஜனவரியில் டெல்லி மத்திய சட்டசபையின் தலைவர் பதவிக்குத் தேர்தல். அரசுத் தரப்பு ஆதரித்தவர் சர் கவஸ்ஜி ஜஹாங்கீர். காங்கிரஸ் நிறுத்தியவர் மாவலங்கர். மாவலங்கருக்கு 66 ஓட்டு, ஜஹாங்கீருக்கு 63. வெறும் மூன்று ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவோடு அந்த மத்திய சட்டசபை முடிவுக்கு வந்தது. அரசியல் நிர்ணய சபையே அரசியலமைப்பையும் எழுதணும், அன்றாடச் சட்டங்களையும் போடணும். ஒரே சபைக்கு இரண்டு வேலை. இதை எப்படிப் பிரிப்பது என்று ஆராய்ந்த குழுவுக்குத் தலைவர் மாவலங்கர். அரசியலமைப்பு எழுத உட்காரும்போது ராஜேந்திர பிரசாத் தலைமை, சட்டம் போட உட்காரும்போது தனி சபாநாயகர் என்று ஏற்பாடானது. 1947 நவம்பர் 17-ம் தேதி அந்த சபாநாயகர் பதவிக்கும் மாவலங்கரே தேர்வானார்.

அம்பேத்கர் சொன்ன பதில் என்ன?

இங்க ஒரு முக்கியமான விஷயத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம். புதிய அரசியலமைப்பில் நாடாளுமன்றம் எப்போ கூடணும் என்று எழுதியிருக்கிறார்கள்?

1949 மே மாசம் அரசியல் நிர்ணய சபையில் இதைப் பற்றி விவாதம் நடந்தது. வரைவில் இருந்தது இதுதான்: வருஷத்துக்குக் குறைந்தது இரண்டு தடவை கூட்ட வேண்டும், நடுவே ஆறு மாசம் ஆகக் கூடாது. இது போதாது என்று கே.டி.ஷா போன்ற உறுப்பினர்கள் வாதிட்டார்கள். நாடாளுமன்றம் வருஷத்தின் பெரும்பகுதி உட்கார வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. பிரிட்டிஷ் காலத்தில் வரி வசூலுக்கு அனுமதி வாங்க மட்டும் சபையைக் கூட்டினார்கள், அது மக்களுக்குப் பதில் சொல்லாத அரசு. இனி வரப்போவது மக்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டிய அரசு, அது சபையைத் தவிர்க்க முடியாது என்பது அவருடைய கருத்து. சொல்லப்போனால், சபை அடிக்கடி கூடி, நீளமாகப் போய், உறுப்பினர்களே களைத்துவிடுவார்களோ என்றுதான் அவர் கவலைப்பட்டார்.

1950-ல் அரசியலமைப்பு அமலுக்கு வந்தது. நாடாளுமன்றம் கூடுவது பற்றிச் சொல்வது 85-வது பிரிவு. ஆனா வருஷத்துக்கு இரண்டு தடவை கூட்டணும் என்ற வாசகத்தில் ஒரு சிக்கல். ஒரே கூட்டத்தொடரை நடுநடுவே ஒத்திவைத்து வருஷம் முழுக்க நடத்தினால், சபை அதிக நாள் உட்கார்ந்திருக்கும், ஆனா இரண்டு தடவை கூட்டியதாக ஆகாதே? அதனால் 1951-ல் முதல் அரசியலமைப்புத் திருத்தத்தில் அந்த வாசகம் நீக்கப்பட்டது. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று: இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே ஆறு மாசம் ஆகக் கூடாது.

இன்றுவரை இதுதான் விதி. மாநில சட்டமன்றங்களுக்கும் இதே ஆறு மாசக் கணக்குதான். அது 174-வது பிரிவு. தமிழ்நாடு சட்டமன்றத்துக்கும் இதுவே பொருந்தும்.

அப்போ லீவு விடுவது யார்?

நாடாளுமன்றம் நடக்கவில்லை என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனா அதில் மூன்று வகை இருக்கு.

முதலாவது, ஒத்திவைப்பு. சபையை மதியம் வரைக்கும், நாளை வரைக்கும், அல்லது குறிப்பிட்ட தேதி வரைக்கும் தள்ளிவைப்பது. இது சபாநாயகர் கையில்.

இரண்டாவது, தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு. இதுவும் சபாநாயகர் கையில். கூட்டத்தொடர் முறைப்படி முடிவதற்குள் தேவைப்பட்டால் அவரே சபையை மறுபடி கூட்டவும் முடியும்.

மூன்றாவது, கூட்டத்தொடரை முடித்துவைப்பது. இது குடியரசுத் தலைவர் பெயரில் நடக்கும். அடுத்த கூட்டத்தொடரைக் கூட்டுவதும் அவர் பெயரில்தான். ஆனா அவர் செயல்படுவது அமைச்சரவையின் ஆலோசனைப்படி. நடைமுறையில், நாடாளுமன்ற விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு தேதியைப் பரிந்துரைக்கும்.

புரியுதா? சபைக்குள்ளே யார் பேசணும், எவ்வளவு நேரம் பேசணும் என்பதெல்லாம் சபாநாயகர் கையில். ஆனா சபையின் கதவு எந்த மாசம் திறக்கும், எந்த மாசம் மூடும் என்பது அரசின் கையில். யாரைக் கேள்வி கேட்பதற்காக அந்த சபை இருக்கிறதோ, அதே அரசின் கையில்!

இதில் என்ன ஆபத்து? 123-வது பிரிவைப் பாருங்க. இரு அவைகளும் நடந்துகொண்டிருந்தால் அவசரச் சட்டம் போட முடியாது. லீவு என்றால் போடலாம். அந்தச் சட்டம் நாடாளுமன்றம் மறுபடி கூடி ஆறு வாரம் வரை உயிரோடு இருக்கும். ஆக, லீவுத் தேதியை முடிவு செய்பவரே, சபையைக் கேட்காமல் சட்டம் போடும் காலத்தையும் முடிவு செய்கிறார்.

அரசுக்கு இரண்டு கடிதங்கள்

மாவலங்கருக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. 1950 நவம்பரில் அரசுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அவசரச் சட்டம் போடுவது ஜனநாயக முறை அல்ல என்பது அதன் சாரம். முதல் நாடாளுமன்றம் போடும் பழக்கம்தான் பின்னாடி வருகிறவர்களுக்கு வழக்கமாகும் என்ற கவலை அவருக்கு இருந்தது.

நேரு பதில் எழுதினார். அவசரச் சட்டம் அவருக்கும் விருப்பமானதல்ல. ஆனா நாடாளுமன்ற நடைமுறை மெதுவாக நகர்கிறது, முக்கியமான மசோதாக்கள் தேங்கி நிற்கின்றன என்பது அவர் தரப்பு.

1954 ஜூலையில் மாவலங்கர் மறுபடியும் இதே விஷயத்துக்காகக் கடிதம் எழுதினார். இதில் கவனிக்க வேண்டியது, இவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை. காங்கிரஸில் வளர்ந்தவர், நேருவோடு சேர்ந்து சுதந்திரப் போராட்டத்தில் இருந்தவர். தன் கட்சியின் அரசுக்கே இதை எழுதினார்.

மே மாச வெயிலில் முதல் மக்களவை

நடுவே 1952-ல் முதல் பொதுத் தேர்தல் முடிந்தது. அகமதாபாத்திலிருந்து ஜெயித்து வந்தார் மாவலங்கர். முதல் மக்களவை கூடியது அந்த வருஷம் மே 13. டெல்லி வெயில் உச்சத்தில் இருக்கிற நேரம். சிம்லா போகிற காலமெல்லாம் மலையேறிவிட்டது!

மே 15-ம் தேதி சபாநாயகர் தேர்தல். எதிர்க்கட்சிகள் சார்பில் சங்கர் சாந்தாராம் மோரே நின்றார். மாவலங்கருக்கு 394 ஓட்டு, மோரேவுக்கு 55.

இன்று நாம் டிவியில் பார்க்கும் நாடாளுமன்ற நடைமுறைகளில் பல, இவர் காலத்தில் வேரூன்றியவை. அரசின் செலவை ஆராயும் மதிப்பீட்டுக் குழு 1950-ல் வந்தது. அமைச்சர்கள் சபையில் கொடுத்த வாக்குறுதிகள் என்ன ஆச்சு என்று துரத்திக் கேட்க 1953-ல் ஒரு குழு வந்தது. கேள்வி நேரம் ஒரு நிரந்தர வழக்கமாக நிலைத்ததும் இவர் காலத்தில்தான்.

எல்லாமே சுமுகமாகப் போகவில்லை. 1954 டிசம்பர் 18-ம் தேதி, நடுநிலை தவறிவிட்டார் என்று சொல்லி மாவலங்கரையே பதவி நீக்கக் கோரும் தீர்மானம் சபைக்கு வந்தது. மக்களவை சபாநாயகருக்கு எதிராக வந்த முதல் தீர்மானம் அதுதான். துணை சபாநாயகர் அனந்தசயனம் அய்யங்கார் தலைமையில் விவாதம் நடந்தது. நேருவும் பேசினார், மாவலங்கருக்கு ஆதரவாக. தீர்மானம் தோற்றது.

அதுக்கு நாலு மாசம் கழிச்சுதான் நம்ம கதையின் முக்கியக் கட்டம் வருது.

1955 காலண்டர்: கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

மக்களவையின் பொது நோக்கக் குழு என்று ஒன்று உண்டு. அதன் தலைவர் சபாநாயகர்தான். 1955 ஏப்ரலில் அந்தக் குழு நாடாளுமன்றத்துக்கு ஒரு வருஷ காலண்டரைப் பரிந்துரைத்தது. அது இப்படி இருந்தது:

பட்ஜெட் கூட்டத்தொடர்: பிப்ரவரி 1 முதல் மே 7 வரை.

மழைக்காலக் கூட்டத்தொடர்: ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை.

குளிர்காலக் கூட்டத்தொடர்: நவம்பர் 5, அல்லது தீபாவளி முடிந்த நாலாம் நாள், இரண்டில் எது பின்னாடி வருதோ அன்றிலிருந்து டிசம்பர் 22 வரை.

நாள் கணக்கு எடுத்துப் பார்த்தால், நவம்பர் 5-ல் தொடங்கும் வருஷத்தில் கூட்டத்தொடர் காலம் மொத்தம் 207 நாள். சனி, ஞாயிறு, பண்டிகைகளும் இதில் அடக்கம். மீதி 158 நாள் இடைவெளி. அதையும் பிரித்தால், மே 8 முதல் ஜூலை 14 வரை 68 நாள். செப்டம்பர் 16 முதல் நவம்பர் 4 வரை 50 நாள். டிசம்பர் 23 முதல் ஜனவரி 31 வரை 40 நாள்.

அதாவது, அரசியலமைப்பு அனுமதிக்கிற இடைவெளி ஆறு மாசம். இந்த காலண்டர்படி மிக நீண்ட இடைவெளியே இரண்டு மாசமும் ஒரு வாரமும்தான்.

இன்னொன்றையும் பாருங்க. மே மாசக் கடைசியும் ஜூனும் லீவு. டெல்லியின் கடும் வெயில் காலம் அது. தீபாவளிக்கு எம்.பி.க்கள் சொந்த ஊரில் இருக்கலாம், தொகுதி மக்களைப் பார்க்கலாம். வருஷக் கடைசியிலும் ஓய்வு உண்டு. லீவே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. லீவு எப்போ என்பது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். காலண்டர் சுவரில் தொங்கினால், சிக்கலான நேரத்தில் கூட்டத்தொடரைத் தள்ளிப்போடவோ சுருக்கவோ சுலபமாக முடியாது.

அரசு என்ன சொன்னது? இந்த அட்டவணைக்கு ஒப்புக்கொண்டது. ஆனா அமலுக்கு வரவே இல்லை.

அடுத்த வருஷமே மறைவு

தன் குழு கொடுத்த காலண்டருக்காகத் தொடர்ந்து போராட மாவலங்கருக்குக் காலம் இருக்கவில்லை. 1956 தொடக்கத்தில் இதய நோயால் பாதிக்கப்பட்டார். பிப்ரவரி 27-ம் தேதி அகமதாபாத்தில் காலமானார். வயது 67. சபாநாயகர் பதவியில் இருக்கும்போதே மறைந்தார். அந்த காலண்டர் அமலாகியிருந்தால், பட்ஜெட் கூட்டத்தொடர் தொடங்கி 27-வது நாள் அது.

மக்களவையின் தந்தை என்று அவரைக் குறிப்பிட்டார் நேரு. அவருக்குப் பிறகு துணை சபாநாயகராக இருந்த அனந்தசயனம் அய்யங்கார் சபாநாயகர் ஆனார். இடைத்தேர்தலில் மாவலங்கரின் மனைவி சுசீலா போட்டியின்றி மக்களவைக்குத் தேர்வானார். மகன் புருஷோத்தம் மாவலங்கர் 1972-ல் அகமதாபாத்திலிருந்து ஜெயித்து மக்களவைக்கு வந்தார். டெல்லியில் இன்றும் மாவலங்கர் அரங்கம் இருக்கு. அவர் காலத்தில் வந்த காலண்டர் மட்டும் காகிதத்திலேயே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு என்ன ஆச்சு?

முதல் மக்களவை, அதாவது மாவலங்கர் தொடங்கிவைத்த சபை, ஐந்து வருஷத்தில் 677 நாள் உட்கார்ந்தது. வருஷத்துக்குச் சராசரியாக 135 நாள். 2019 முதல் 2024 வரை இருந்த 17-வது மக்களவை உட்கார்ந்தது 274 நாள். வருஷத்துக்குச் சுமார் 55 நாள். முழுப் பதவிக் காலத்தையும் முடித்த மக்களவைகளில் இதுதான் மிகக் குறைவு.

இதில் ஒரு கட்சியை மட்டும் கைகாட்டிவிட முடியாது. இந்தச் சரிவு பல பத்தாண்டுகளாக, பல கட்சிகளின் ஆட்சியில் நடந்தது. மக்களவை வருஷத்துக்குக் குறைந்தது 120 நாளாவது கூட வேண்டும் என்று 2002-ல் அரசியலமைப்புச் செயல்பாட்டை ஆராய்ந்த தேசிய ஆணையம் பரிந்துரைத்தது. அதுவும் சட்டமாகவில்லை.

தேதியை நகர்த்துவதும் தொடருது. 2017-ல் குளிர்காலக் கூட்டத்தொடர் டிசம்பர் 15-ம் தேதிதான் தொடங்கியது. 1955 காலண்டர்படி முடிய ஒரு வாரமே இருக்கிற நேரம் அது! குஜராத் தேர்தலுக்காகத் தள்ளிப்போட்டார்கள் என்று எதிர்க்கட்சிகள் குற்றம்சாட்டின. தேர்தலுக்காகக் கூட்டத்தொடர் தேதியை மாற்றுவது முந்தைய அரசுகளும் செய்ததுதான் என்றது மத்திய அரசு. மாவலங்கரின் சொந்த ஊரான அகமதாபாத்தில் ஓட்டுப்பதிவு நடந்தது டிசம்பர் 14. நாடாளுமன்றம் கூடியது அதுக்கு மறுநாள்.

2020-ல் கொரோனா காரணமாகக் குளிர்காலக் கூட்டத்தொடரே நடக்கவில்லை. செப்டம்பரில் முடிந்த சபை அடுத்த ஜனவரி 29-ல்தான் கூடியது. ஆறு மாசம் ஆகாததால் விதி மீறல் எதுவும் இல்லை.

லீவு தேவையே இல்லையா?

அப்படி இல்ல. அரசுத் தரப்பிலும் நியாயம் உண்டு. தேர்தல், பண்டிகை, பெருந்தொற்று என்று எதிர்பாராத விஷயங்கள் வரும். கல்லில் செதுக்கின மாதிரி தேதி இருந்தால் சமாளிப்பது கஷ்டம். எம்.பி.க்களும் தொகுதிக்குப் போய் மக்களைச் சந்திக்கணும்.

சில லீவுகள் உண்மையில் லீவே இல்லை. பட்ஜெட் கூட்டத்தொடரின் நடுவே வரும் இடைவெளியைப் பாருங்க. 1993-ல் துறைவாரி நிலைக்குழுக்கள் வந்த பிறகு, அந்த வாரங்களில்தான் ஒவ்வொரு அமைச்சகமும் கேட்கிற பணத்தை எம்.பி.க்கள் குழுவாக உட்கார்ந்து ஆராய்கிறார்கள். எப்போ இடைவேளை, எதுக்கு இடைவேளை என்று முன்கூட்டியே தெளிவாக இருந்தால், லீவும் சபைக்கு உதவும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பிரச்னை லீவின் நீளத்தில் மட்டும் இல்லை. அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில் இருக்கு. பிரிட்டனில் விடுமுறைத் தேதிகளை அரசு முன்வைக்கும், ஆனா கீழவை ஓட்டுப்போட்டு ஒப்புக்கொள்ளணும். அமெரிக்காவில் நாடாளுமன்றத்தின் ஆகஸ்ட் விடுமுறை 1970-ல் வந்த சட்டத்திலேயே இருக்கு. இந்தியாவில் அமைச்சரவைதான் முடிவு செய்யுது.

மக்களுக்குப் பதில் சொல்லும் அரசு சபையைத் தவிர்க்காது என்று நம்பினார் அம்பேத்கர். கூடாத சபைக்கு வருஷக்கணக்கில் சபாநாயகராக இருந்த மாவலங்கரின் காலத்தில், வெறும் நம்பிக்கையோடு நிற்காமல் தேதியையும் எழுதிவைத்தார்கள். அடுத்த தடவை கூட்டத்தொடர் தேதி செய்தியில் வரும்போது, பிப்ரவரி 1, ஜூலை 15, நவம்பர் 5 என்ற மூன்று தேதிகளோடு அதை ஒப்பிட்டுப் பாருங்க. எத்தனை நாள் தள்ளி என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.